குரலுக்கு ஒரு பச்சைக் கோடு

நான் 'ஆ' என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணினி நின்றுபோனது. திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு பாதியில் உறைந்தது. திரை நீலமானது, பிறகு இருண்டுபோனது. பெட்டிக்குள்ளிருந்து 'கிர்ர்' என்று ஓர் ஓசை வந்து அடங்கியது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் எழுந்து வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தாள், ஒயரை ஆட்டிப் பார்த்தாள், கடைசியில் பெட்டியின் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போச்சு சேச்சி," என்றாள். "இந்தத் தடவை நிஜமாவே போச்சு, கேட்டோ."

தம்பானூரில் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய கிளினிக். அவள் பாறசாலைக்காரி, நாகர்கோவிலில் படித்தவள். அதனால் இந்த மலையாள ஊரிலும் என்னிடம் தமிழ் பேசுவாள். வாரத்துக்கு இரண்டு நாள் நான் அங்கே போய் உட்கார்ந்து 'ஆ' சொல்வேன். தைராய்டு கட்டியை எடுத்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் குரல் போய்விட்டிருந்தது. குரல் நாணை ஆட்டும் நரம்பு அறுபடவில்லை, அசந்துபோயிருக்கிறது, எழுந்து வர மாதக்கணக்கில் ஆகலாம், பயிற்சியை விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சொல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. நிரல் எழுதக் குரல் வேண்டாம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். ஆனால் பகலில் பாதி நேரம் கூட்டங்கள்தான். முதல் வாரம் நான் பேச ஆரம்பித்ததும், "மேடம், மியூட்ல இருக்கீங்க," என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் மியூட்டில் இல்லை. பிறகு தட்டச்சு செய்து பதில் சொன்னேன். நான் தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கொஞ்ச நாளில் என்னைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

வீட்டில் கணவர் எனக்கு வாயாகிப்போனார். அவர் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறார். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பதில் சொல்லிப் பழகியவர். கேஸ்காரனிடம், என் அம்மாவிடம், பக்கத்து வீட்டில் எல்லாம் எனக்காக அவரே பேசினார். ஓட்டலில் சர்வர் என்னைப் பார்த்துக் கேட்டால், "அவளுக்கு ஒரு காபி," என்பார். நான் டீ குடிக்க நினைத்திருப்பேன். அன்பாகத்தான் செய்தார். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

அந்த நாட்களில் என் குரலை நான் பார்த்த ஒரே இடம் கிளினிக் திரைதான். கறுப்புப் பின்னணியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடும். குரல் எவ்வளவு சத்தமோ அவ்வளவு உயரம். குறுக்கே இரண்டு மஞ்சள் கோடுகள். அவற்றுக்கு நடுவில் பச்சைக் கோட்டை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. என் கோடு கீழ் மஞ்சளுக்கும் கீழே, நடுங்கிக்கொண்டு ஊர்ந்தது. ஆனால் வயிற்றை இறுக்கி மூச்சைத் தள்ளினால் அது அந்த நொடியே ஒரு முடி அளவு ஏறும். அந்த ஒரு முடி ஏற்றத்துக்காகத்தான் கரமனையிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தேன்.

எனக்கு அடுத்த முறை விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் போடும் ஒருவருக்கு. கடற்கரையில் கத்திக் கத்தி அவர் குரல் நாணில் முடிச்சுகள் விழுந்திருந்தன. அவர் வாயைத் திறந்தாலே கோடு மேல் மஞ்சளைத் தாண்டிக் கூரைக்குப் போகும். எனக்கு ஏற வேண்டும், அவருக்கு இறங்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கோட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

புதுக் கணினி ஒரு வாரத்தில் வந்தது. பழைய மென்பொருள் அதில் ஏறவே இல்லை. அதை எழுதிக் கொடுத்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டிருந்தது. பயிற்சிப் பெண் செல்போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி வைத்தாள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கோடு தாமதமாக வந்தது. நான் மூச்சை முடித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்ட பிறகு, எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல அது ஏறி இறங்கியது.

ஏலக்காரருக்குப் பொறுக்கவில்லை. "டீச்சரே, ஞான் நிறுத்தியாச்சு. இந்தச் சாதனம் இப்பவும் கத்திட்டு இருக்கு பாருங்க," என்றார். அதற்கு அடுத்த முறை அவர் வரவில்லை. வேறு இரண்டு பேரும் வருவதை நிறுத்தினார்கள்.

"கோடு இல்லாம இவங்களை எப்படிப் பிடிச்சு வைக்கிறதுன்னு தெரியலை சேச்சி," என்றாள் அவள். "நான் 'நல்லாப் பண்றீங்க'ன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அது சொன்னா நம்புவாங்க."

நான் என் செல்போனில் தட்டி அவளுக்குக் காட்டினேன்: 'பழைய டிஸ்க் எங்கே?'

கணினிக் கடைக்காரர் டிஸ்கைக் கழற்றி, உள்ளே இருந்ததில் பிழைத்த கோப்புகளை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலானவை உடைந்திருந்தன. ஆனால் கோடு வரைந்த அந்தப் பாகம் இருந்தது. பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கல்லூரி முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்தபோது நான் தினமும் திட்டிய வரைபடப் பாகம் அது. கடைகளில் தயாராக வரும் ஜன்னல் சட்டம் மாதிரி, வாங்கி நம் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளலாம், வரைபடம் வரைவதை அது பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்திலேயே அதைப் பழசு என்று ஒதுக்கினோம். நிழல் கிடையாது, நெளிவு கிடையாது, சொன்னதை வரையும்.

ஆனாலும் உடனே அதைத் தொடவில்லை. என் குழுவில் இளையவனான ஒரு பையனிடம் விஷயத்தை எழுதிக் கேட்டேன். "பழசு எதுக்கு மேடம்? பிரவுசர்ல ஓடுற சார்ட் எத்தனையோ ஃப்ரீயா இருக்கு," என்று பதில் போட்டான். நியாயமான பேச்சு. ஒரு சனி ஞாயிறில் அதில் ஒன்றை வைத்துச் செய்து கொண்டுபோனேன். பயிற்சிப் பெண் என்னை 'ஆ' சொல்லச் சொல்லித் திரையைப் பார்த்தாள். கோடு ஆற்றுத் தண்ணீர் மாதிரி வழவழவென்று போனது.

"சேச்சி, உங்க குரல் இப்படி இல்லை," என்றாள். "இது நடுக்கத்தை எல்லாம் தேய்ச்சு விட்டிருக்கு. இது பொய் பறயுது."

தேய்ப்பதை நிறுத்தினேன். நடுக்கம் தெரிந்தது, ஆனால் அவள் வாங்கியிருந்த மலிவுக் கணினியில் கோடு திணறித் திணறி வந்தது. மறுபடியும் அதே தாமதம். அன்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்: புது மென்பொருள் நான் எழுதுவேன், கோட்டைப் பழையது வரையட்டும்.

முதலில் உரிமம் வேண்டும். அந்தப் பாகத்தை விற்றவர்களை வேறொரு நிறுவனம் வாங்கியிருந்தது. குரல் போனவர்களுக்காக ஒரு சிறு கிளினிக்கில் என்று விளக்கி அவர்களுக்கு எழுதினேன். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தது. அதை இப்போது விற்பதில்லை, இந்த உரிம எண்ணைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தயவுசெய்து இதைப் பற்றி எங்களிடம் சந்தேகம் கேட்காதீர்கள், இங்கே அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டு எனக்கு ஒரு திமிர் வந்தது. அவர்களிடம் இல்லாத ஆள் கரமனையில் இருக்கிறாள்.

திமிர் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. பாகத்தை விண்டோஸில் பதிவு செய்தேன். பதிவாகிவிட்டது என்றது. என் மென்பொருளை ஓட்டினேன். அப்படி ஒன்று பதிவாகவே இல்லை என்றது. மறுபடி பதிவு செய்தேன், மறுபடி இல்லை என்றது. காரணம் பிடிபட இரண்டு சாயங்காலம் ஆயிற்று. பழைய பாகம் முப்பத்திரண்டு பிட் காலத்தது, என் மென்பொருளை நான் பழக்கத்தில் அறுபத்துநான்கு பிட்டாகக் கட்டியிருந்தேன். ஒரே கணினியில் இருந்தும் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது. என் மென்பொருளை அதன் காலத்துக்கு இறக்கிக் கட்டினேன்.

அடுத்த முறை ஓட்டியபோது சாளரத்தின் நடுவில், யாரும் கேட்காத, சிவப்பும் பச்சையும் நீலமுமான கட்டைகள் வரிசையாக எழுந்து நின்றன. ஒன்றும் சொல்லாமல் வைத்தால் அந்தப் பாகம் தானாகக் காட்டும் மாதிரிப் படம் அது. முதல் வேலையின் முதல் நாளில் பார்த்த அதே கட்டைகள், அதே கண்ணைக் குத்தும் நிறங்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினேன். சத்தம் வரவில்லை. அதனால் கையைத் தட்டினேன்.

கணவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "என்னடி ஆச்சு? ஷாக் அடிச்சுதா?"

திரையைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "எலெக்ஷன் ரிசல்ட்டா?"

படம் வந்துவிட்டது, இனி அதற்குக் குரலைக் கொடுக்க வேண்டும். மைக்கை மாட்டி, கட்டைகளைக் கோடாக்கி, 'ஆ' என்றேன். திரை கறுப்பாகவே இருந்தது. மைக்கில் தப்பா, என் குரல்தான் அந்த அளவுக்குக் கீழே கிடக்கிறதா என்று தெரியவில்லை. சோதித்துப் பார்க்க ஒழுங்கான குரல் ஒன்று தேவைப்பட்டது. கணவரைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்காரவைத்தேன்.

"என்ன சொல்லணும்?"

'ஆ' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சங்கு ஊதுவதுபோல ஒன்று விட்டார். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "எந்தா, எல்லாருக்கும் சுகம்தானே?" என்று விசாரித்துவிட்டுப் போனார். திரையில் ஒன்றும் இல்லை. அந்தக் குரலுக்கே இல்லை என்றால் குற்றம் என் தொண்டையில் இல்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

குற்றம் நான் எண்களை அடுக்கிக் கொடுத்த விதத்தில் இருந்தது. நான் வரிசை வரிசையாகக் கொடுத்தேன், அந்தப் பாகம் பத்தி பத்தியாக வாசித்தது. ஒரே கோட்டின் நூற்றுக்கணக்கான புள்ளிகளை, ஆளுக்கு ஒரு புள்ளி மட்டும் உள்ள நூற்றுக்கணக்கான கோடுகள் என்று எடுத்துக்கொண்டது. ஒற்றைப் புள்ளியை வைத்து எந்தக் கோட்டையும் வரைய முடியாது. அதனால் மரியாதையாக ஒன்றும் வரையாமல் இருந்தது. அடுக்கைத் திருப்பிப் போட்டேன். கணவர் இரண்டாவது சங்கை ஊதினார். பச்சைக் கோடு துள்ளி எழுந்து, மேல் மஞ்சளைத் தாண்டிப் போனது.

"இது என்னோடதா?" என்றார் அவர். கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஓர் 'ஆ', பாட்டுப் போல ஓர் 'ஆ', இருமல் ஒன்று. எல்லாவற்றையும் அது வரைந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு," என்றார்.

சொன்னேன். கோடு தரையை ஒட்டி நடுங்கியது. அவர் முதன்முறையாக என் குரலைக் கண்ணால் பார்த்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால், எவ்வளவு நேரம் ஆனாலும், காத்திருக்கத் தொடங்கினார்.

அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரம் ஓடினால் மென்பொருள் அப்படியே மரத்துப்போனது. குரல் வரும் வேகத்தில் ஒரு பக்கமிருந்து எண்களைத் திணித்தேன், பழைய பாகமோ ஒரே வாசல் வழியாக மட்டும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. வரும் எண்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, இமைப்பதற்குள் ஒருமுறை அந்த வாசலில் கொண்டுபோய் ஒப்படைக்கும்படி எழுதினேன். அதன் பிறகு ஒரு ஞாயிறு முழுக்க அது நிற்காமல் ஓடியது. டிவியின் சத்தத்தை, குக்கர் விசிலை, தெருவில் போன லாட்டரி விற்பவரின் மைக்கை எல்லாம் வரைந்துகொண்டே இருந்தது.

கிளினிக்குக்குக் கொண்டுபோன நாளில் ஏலக்காரரையும் வரச் சொல்லியிருந்தாள் பயிற்சிப் பெண். அவர் நம்பிக்கை இல்லாத முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மென்பொருளை ஏற்றித் திறந்தேன். பெரிய கறுப்புச் சாளரத்தின் இடது மேல் மூலையில், தபால் தலையை விடக் கொஞ்சம் பெரியதாக வரைபடம் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி எல்லாம் வெறும் இருட்டு.

"இவ்வளவுதானா மேடம்?" என்றார் ஏலக்காரர். "இது காண எனக்குப் பூதக்கண்ணாடி வேணும்."

எனக்குக் காது சூடானது. வீட்டில் இப்படி ஆகவில்லை. என் கணினிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். திரையில் எழுத்துகள் பெரிதாக இருந்தன. வயதானவர்கள் வருகிறார்கள் என்று பயிற்சிப் பெண் திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்திருந்தாள். என் சாளரம் அந்தக் கணக்கில் பெரிதாகியிருந்தது. பழைய பாகத்துக்கு அப்படி ஒரு வழக்கமே தெரியாது, அது தன் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. முழு மென்பொருளும் பெரிதாக்குவதைக் கண்டுகொள்ள வேண்டாம், திரையே மொத்தமாக நீட்டிக்கொள்ளட்டும் என்று ஓர் அமைப்பை மாற்றி, மடிக்கணினியில் மறுபடி கட்டி, பென்டிரைவில் எடுத்துப் போட்டேன். ஏலக்காரர் இதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தார்.

திறந்தேன். சாளரம் முழுக்கக் கறுப்பு. குறுக்கே இரண்டு மஞ்சள். இடது ஓரத்தில் பச்சை, நேராக, தயாராக.

பயிற்சிப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, அதே ஆளு!"

ஏலக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு தரம்..." என்றார். கோடு அவர் உதடு அசைந்த அதே கணத்தில் சுவர் ஏறுவதுபோல மேலே போனது. அவர் நிறுத்தினார். அதுவும் நின்றது. மறுபடி, தணிவாக, "ஒரு தரம், ரெண்டு தரம்..." கோடு மேல் மஞ்சளைத் தொட்டு இறங்கி, நடுவில் வந்து நின்றது. "மூணு தரம்." அது அசையவில்லை.

"அதுதான்!" என்று பயிற்சிப் பெண் மேசையைத் தட்டினாள். "சேட்டா, இதே அளவுல ஏலம் போட்டா உங்க தொண்டைக்கு ஒண்ணும் வராது. மைக்கை அசோசியேஷன்ல கேளுங்க, மீதியை அது பார்த்துக்கும்."

அவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "மேடம், உங்க முறை."

நான் உட்கார்ந்தேன். அன்றைக்கு என் கோடு கீழ் மஞ்சளைத் தாண்டவில்லை. அதன் அடிவயிற்றை ஒரு முறை தொட்டுவிட்டு வந்தது. ஆனால் நான் தள்ளியபோது அது ஏறியது, நான் விட்டபோது இறங்கியது. எனக்கும் அதற்கும் நடுவில் யாரும் இல்லை. பின்னால் இரண்டு பேர் நாடக மேடையைப் பார்ப்பதுபோலக் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நரம்பு தன் பாட்டுக்கு விழித்துக்கொண்டது. டாக்டர் அதைக் காலத்தின் வேலை என்றார், பயிற்சிப் பெண் பயிற்சியின் வேலை என்றாள். நான் இருவருக்கும் தலையாட்டினேன். எந்த நாளில் கோடு கீழ் மஞ்சளுக்கு மேலே போனது என்று எனக்கு நினைவில்லை. அன்று பயிற்சிப் பெண் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், நான் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அது நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் போய்விடுமோ என்ற பயத்தில் மூச்சு முழுக்கத் தீரும்வரை விடவில்லை. இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "சேச்சி, இப்பச் சொன்னது நீங்களா?" என்றாள்.

மழைக்காலத்தில் வித்துராவிலிருந்து ஒரு பேச்சுப் பயிற்சியாளர் கூப்பிட்டார். எங்கள் பயிற்சிப் பெண்ணின் கல்லூரித் தோழி. பொன்முடிப் பாதையில், சந்தைக்கு அருகில் இரண்டு அறைகளில் கிளினிக் வைத்திருந்தார். எங்கள் மென்பொருளைத் தனக்கும் தர முடியுமா என்று கேட்டார். உரிமம் கொடுத்தவர்களுக்கு மறுபடி எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். கணவர் கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன், வாயால்.

வித்துராவில் தகரக் கூரை. மென்பொருளை ஏற்றி, கோடுகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது, நிறுத்தினேன். யாரும் பேசவில்லை, ஆனால் திரையில் கோடு எழுந்து மஞ்சளுக்கு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. அந்தப் பயிற்சியாளரும் காத்திருந்த மூன்று நோயாளிகளும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"இது யாரோட குரல்?" என்று கேட்டார் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கரகரத்த தொண்டையோடு.

"மழையோடது," என்றேன். "பாருங்க, எவ்வளவு ஒழுங்காப் பயிற்சி பண்ணியிருக்கு."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கோடு அந்தச் சிரிப்பில் ஒரு குதி குதித்தது. அறையின் இரைச்சலை முதலில் அளந்து கழித்துவிடும் வசதி ஒன்று இதில் வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அதற்குள் மழை இன்னும் வலுத்தது. பாதி விளக்கித்தான் நிறுத்தியிருந்தேன். இவர்கள் சந்தைக்கும் எஸ்டேட்டுக்கும் திரும்பிப் போக வேண்டியவர்கள், மழை விடும்வரை காக்கவைக்க முடியாது. மைக்கை அருகில் இழுத்துக்கொண்டு, வயிற்றை இறுக்கி, மழைக்கு மேலே குரலை உயர்த்தி, மேல் மஞ்சள் எதற்கு, கீழ் மஞ்சள் எதற்கு என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பச்சைக் கோடு மழையை விட்டு மேலே ஏறி, நான் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றது.